ஜெனரல்கள் பிரதமரான நாடு: ஜப்பானில் அமைச்சரவையைக் கவிழ்த்தது யார்?

ஜப்பானில் அமைச்சரவை முறை 1885 டிசம்பரில் வந்தது. அன்றிலிருந்து இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 ஆகஸ்ட் வரை 30 பேர் பிரதமர் பதவியில் அமர்ந்தார்கள். அவர்களில் 16 பேர் ராணுவ உயர் அதிகாரிகள். 10 பேர் தரைப்படை, 6 பேர் கடற்படை. அதற்குப் பிறகு இன்றுவரை, ராணுவத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒருவர்கூட அந்தப் பதவிக்கு வரவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒரு கதை தானாகவே மனதில் உருவாகிவிடும். முன்பு ஜெனரல்கள் ஆண்டார்கள், நாட்டைப் போரில் இழுத்துவிட்டார்கள். அப்புறம் சிவிலியன்கள் வந்தார்கள், அமைதி வந்தது. இதில் பாதிதான் உண்மை. ஜப்பானில் எந்த ராணுவப் புரட்சியும் வெற்றி பெறவில்லை. அந்த 16 பேரும் பேரரசரால் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்கள். அவர்களில் சிலர் ராணுவத்துக்குக் கடிவாளம் போடப் பார்த்து, அதே ராணுவத்தால் வீழ்த்தப்பட்டவர்கள். சீனப் போரைப் பெரிதாக்கியதிலோ சீருடை போடாத ஒரு கோமகனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே பிரதமர் எங்கிருந்து வந்தார் என்பதோடு, அவருடைய அமைச்சரவையைக் கலைக்கும் பலம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இரண்டாவதுதான் முக்கியம்.

தொடக்ககாலத் தலைவர்களிடம் ராணுவத்தார், அரசியல்வாதி என்று கோடு கிழிக்கவே முடியாது. 1868-இல் ஷோகன் எனப்பட்ட பரம்பரை ராணுவ ஆட்சியாளர்களை வீழ்த்தியவர்கள் சட்சுமா, சோஷு என்ற இரண்டு பிரதேசங்களின் சாமுராய்கள். வாளோடு வளர்ந்தவர்கள் பிறகு அமைச்சர்களானார்கள், சிலர் ஜெனரல்களானார்கள், சிலர் இரண்டுமானார்கள். முதல் பிரதமர் இட்டோ ஹிரோபூமி சோஷுக்காரர், சிவில் நிர்வாகி. இரண்டாமவர் குரோடா கியோடாகா சட்சுமாவின் தரைப்படைத் தளபதி. மூன்றாமவர் யமகாட்டா அரிடோமோ, மறுபடியும் சோஷு, நவீன தரைப்படையைக் கட்டி எழுப்பியவர். பொதுவாகத் தரைப்படை சோஷுவின் சொத்து, கடற்படை சட்சுமாவின் சொத்து என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. சோஷு என்பது இன்றைய யமகுச்சி மாநிலம். போருக்குப் பிந்தைய கிஷி, சாட்டோ, அபே குடும்பமும் அங்கிருந்து வந்ததுதான்.

1878-இல் யமகாட்டாவின் முயற்சியால் தரைப்படைத் தலைமையகம் அரசாங்கத்திலிருந்து பிரிக்கப்பட்டு, நேரே பேரரசருக்குப் பதில் சொல்லும் அமைப்பாக மாறியது. நாட்டுக்கு அரசியலமைப்பு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே நடந்த வேலை இது. 1889-இல் வந்த மெய்ஜி அரசியலமைப்பு இதை அப்படியே கல்லில் செதுக்கியது. அதன் 11-ஆம் பிரிவின்படி தரைப்படை, கடற்படை இரண்டின் உச்சக் கட்டளை அதிகாரமும் பேரரசருக்கே. 55-ஆம் பிரிவின்படி அமைச்சர்கள் ஒவ்வொருவரும் பேரரசருக்குத் தனித்தனியாக ஆலோசனை சொல்ல வேண்டும். பிரதமர் என்ற பதவியே அந்த அரசியலமைப்பில் இல்லை. ஓர் அமைச்சர் முரண்டு பிடித்தால் பிரதமரால் அவரை நீக்க முடியாது. கெஞ்சலாம், இல்லையென்றால் மொத்த அமைச்சரவையோடு ராஜினாமா செய்யலாம்.

இதற்கு மேல் ஒரு பூட்டும் போட்டார் யமகாட்டா. 1898-இல் ஓகுமா ஷிகெனோபு தலைமையில் முதல் கட்சி அமைச்சரவை அமைந்தது. நான்கு மாதம்தான் தாங்கியது. ஆனால் கட்சிக்காரர்கள் கையில் ஆட்சி போகக்கூடும் என்ற பயத்தை அது கிளப்பிவிட்டது. அடுத்து பிரதமரான யமகாட்டா 1900-இல் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: தரைப்படை அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் அல்லது அதற்கு இணையான அட்மிரல் தரத்தவராக மட்டுமே இருக்க வேண்டும். பணியில் இருப்பவர் என்றால் படைத் தலைமையின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவர். படை ஆள் தர மறுத்தால் அமைச்சரவை அமையாது. இருக்கும் ஆளைத் திரும்பப் பெற்றால் அமைச்சரவை விழும்.

இந்த ஆயுதம் எப்படி வேலை செய்யும் என்பது 1912 டிசம்பரில் தெரிந்தது. தரைப்படை கூடுதலாக இரண்டு டிவிஷன், அதாவது பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரிய படைப்பிரிவுகள், கேட்டது. பணம் இல்லை என்றார் பிரதமர் சயோன்ஜி கின்மோச்சி. தரைப்படை அமைச்சர் உயேஹரா யூசகு நேரே பேரரசரிடம் போய் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தார். மாற்று ஆளைப் படை தரவில்லை. அமைச்சரவை கவிழ்ந்தது. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பார்க்கும் மாப்பிள்ளை முறுக்குதான். ஆனால் இங்கே முறுக்கிக்கொண்டவரிடம் துப்பாக்கியும் இருந்தது.

சயோன்ஜிக்குப் பின் ஜெனரல் கட்சுரா தாரோ மூன்றாவது முறையாகப் பிரதமரானார். தெருவில் மக்கள் திரண்டார்கள், பத்திரிகைகள் கொதித்தன, 1913 பிப்ரவரியில் அவரும் போனார். (மூன்று முறையும் சேர்த்து 2,886 நாள் ஆண்ட அவருடைய சாதனையை 2019 நவம்பரில்தான் அபே ஷின்சோ முறியடித்தார்.) அடுத்து வந்த அட்மிரல் யமமோட்டோ கொன்னோஹ்யோயே செய்ததைக் கவனிக்க வேண்டும். பணியில் இருப்பவர் என்ற கட்டாயத்தை அவர் நீக்கினார். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அமைச்சராகலாம் என்று விதியைத் தளர்த்தினார். சீருடைக்காரர் ஒருவரே சீருடையின் பிடியைத் தளர்த்திய இடம் இது. அந்தத் தளர்வு 1936 வரை நீடித்தது. ஜப்பானில் கட்சி அரசியல் மூச்சுவிட்டதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

1918-இல் ஹாரா தகாஷி பிரபுப் பட்டம் இல்லாத முதல் பிரதமரானார். 1921 நவம்பர் 4 அன்று டோக்கியோ ரயில் நிலையத்தில் ஓர் இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். 1922-இல் பிரதமரான அட்மிரல் காட்டோ தொமோசபுரோ, அதற்குச் சற்று முன்புதான் வாஷிங்டன் மாநாட்டில் ஜப்பானின் பெரும் போர்க்கப்பல்களை அமெரிக்கா, பிரிட்டன் ஒவ்வொன்றின் அளவிலும் 60 சதவீதத்துக்குள் வைக்க ஒப்புக்கொண்டு வந்தவர். அமெரிக்காவோடு ஆயுதப் போட்டியில் இறங்க நாட்டிடம் பணம் கிடையாது என்பது அவர் கணக்கு. சைபீரியாவிலிருந்து படைகளைத் திரும்பப் பெற்றதும் அவர் ஆட்சியில்தான். பதவியில் இருக்கும்போதே 1923-இல் நோயால் இறந்தார்.

ஜெனரல் பிரதமரானால் ராணுவம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நினைப்பவர்கள் தனகா கீச்சியின் கதையைப் படிக்க வேண்டும். சோஷுக்காரர், முழு ஜெனரல், தரைப்படை அமைச்சராக இருந்தவர். சீருடையைக் கழற்றிவிட்டு செய்யுகாய் கட்சித் தலைவராகி 1927-இல் பிரதமரானார். 1928 ஜூனில் மஞ்சூரியாவின் போர்ப்பிரபு ஜாங் ஜுவோலின் பயணம் செய்த ரயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. செய்தது மஞ்சூரியாவில் நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானிய தரைப்படையான குவான்துங் படையின் கர்னல் கோமோட்டோ தைசாகு. பிரதமருக்கே தெரியாமல் நடந்த காரியம். குற்றவாளிகளைத் தண்டிப்பேன் என்று தனகா பேரரசரிடம் உறுதி சொன்னார். தரைப்படை ஒத்துக்கொள்ளவில்லை. முன்னாள் தரைப்படை அமைச்சரால் ஒரு கர்னலை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. சொன்ன சொல் மாறியதற்காக இளம் பேரரசர் ஹிரோஹிட்டோ கடிந்துகொண்டார். 1929 ஜூலையில் தனகா பதவி விலகினார், அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

ரயில் தகர்ப்புக்கு மூன்று ஆண்டு கழித்து அதே குவான்துங் படை 1931 செப்டம்பர் 18 அன்று இன்னும் பெரிய காரியத்தைத் தொடங்கியது: மஞ்சூரியாவையே பிடிப்பது. கர்னல்கள் பாடம் கற்றிருந்தார்கள்.

இடையில் 1930-இல் பிரதமர் ஹமகுச்சி ஒசாச்சி, கடற்படைத் தலைமையகத்தின் எதிர்ப்பை மீறி, போர்க்கப்பல்களுக்கு வரம்பு போட்ட லண்டன் கடற்படை ஒப்பந்தத்தை ஏற்றார். எதிர்க்கட்சியான செய்யுகாய் இதை விடவில்லை. படை அளவை அரசாங்கம் முடிவு செய்வது பேரரசரின் உச்சக் கட்டளை அதிகாரத்தில் கை வைப்பது என்று நாடாளுமன்றத்தில் முழங்கியது. அப்படி முழங்கியவர்களில் இரண்டு பேர் இனுகாய் ட்சுயோஷியும் ஹதோயாமா இச்சிரோவும். ஓர் அரசைச் சங்கடப்படுத்த ராணுவத்தின் வாதத்தை அரசியல்வாதிகளே கையில் எடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹமகுச்சி டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். அந்தக் காயத்தால் அடுத்த ஆண்டு இறந்தார். 1931 டிசம்பரில் இனுகாயே பிரதமரானார். 1932 மே 15 அன்று இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இல்லத்துக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கட்சி அமைச்சரவைகளின் காலம் அவரோடு முடிந்தது. ஹதோயாமா போருக்குப் பின் 1954-இல் பிரதமரானார்.

கொலைக்குப் பிறகு நிதானமானவர்கள் என்று பெயரெடுத்த இரண்டு அட்மிரல்கள் அடுத்தடுத்து வந்தார்கள்: சைட்டோ மகோட்டோ, ஒகாடா கெய்சுகே. 1936 பிப்ரவரி 26 காலை தரைப்படையின் இளம் அதிகாரிகள் ஏறக்குறைய 1,400 பேரோடு மத்திய டோக்கியோவைப் பிடித்தார்கள். சைட்டோவைக் கொன்றார்கள். நிதியமைச்சரும் முன்னாள் பிரதமருமான தகாஹாஷி கொரெகியோவைக் கொன்றார்கள். பிரதமர் ஒகாடா என்று நினைத்து அவர் மைத்துனரைக் கொன்றார்கள். உண்மையான ஒகாடா பணிப்பெண்களின் அறையில் ஒளிந்திருந்து, மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு கலந்து வெளியேறினார். பேரரசர் கோபமாகக் கிளர்ச்சியை அடக்கச் சொன்னார், சில நாளில் அடங்கியது. இருந்தாலும் லாபம் தரைப்படைக்கே. அடுத்த பிரதமர் ஹிரோட்டா கோகி, தொழில்முறைத் தூதர். யாரை அமைச்சராக்கலாம், யாரை ஆக்கக்கூடாது என்று தரைப்படை அவருக்குப் பட்டியல் போட்டது. யோஷிதா ஷிகேருவை வெளியுறவு அமைச்சராக்கும் திட்டம் அப்படித்தான் கைவிடப்பட்டது. கிளர்ச்சிக்குப் பின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஜெனரல்கள் அமைச்சராகத் திரும்பி வரக்கூடாது என்று காரணம் காட்டி, 1900-இன் பழைய விதியும் மே மாதம் திரும்ப வந்தது. திருப்பிக் கொடுத்தவர் ஒரு சிவிலியன்.

அந்த விதியின் முதல் பலி ஒரு ஜெனரல்! 1937 ஜனவரியில் புதிய அமைச்சரவை அமைக்கச் சொல்லி உகாகி கசுஷிகேவுக்குப் பேரரசரின் ஆணை வந்தது. ஓய்வுபெற்ற ஜெனரல், பல ஆண்டு தரைப்படை அமைச்சர். ஆனால் 1925-இல் செலவைக் குறைக்க நான்கு டிவிஷன்களைக் கலைத்தவர் என்ற வஞ்சம் படைக்குள் ஆறவில்லை. உகாகி ஆள் கேட்டார். யாரும் தயாரில்லை என்று பதில் வந்தது. பேரரசரே ஒருவருக்கு உத்தரவிட வேண்டும் என்று அரண்மனையை அணுகினார், அரண்மனை ஒதுங்கிக்கொண்டது. பேரரசர் ஆணையிட்டும் உகாகி பிரதமராகவில்லை. அவருக்குப் பதிலாக ஜெனரல் ஹயாஷி செஞ்சூரோ வந்து நான்கே மாதத்தில் போனார்.

அதன்பின் 1937 ஜூனில் வந்தவர்தான் கோமகன் கொனோயே ஃபுமிமாரோ. வயது 45, பழம்பெரும் பிரபு வம்சம், கட்சிகளுக்கும் படைக்கும் பொதுமக்களுக்கும் பிடித்தமானவர். ஒரு மாதத்தில் பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் மோதல் வெடித்தது. 1938 ஜனவரியில் சீன அரசின் தலைவர் சியாங் கை-ஷேக்குடன் பேச்சுவார்த்தையைத் தொடரலாமா என்று கூடிப் பேசியபோது, தொடர வேண்டும் என்று வாதாடியது தரைப்படைத் தலைமையகம். சோவியத் ஆபத்து முன்னே நிற்கும்போது சீனாவில் சிக்கிக்கொள்ளக்கூடாது என்பது அதன் துணைத் தலைவர் தாடா ஹயாவோவின் கவலை. வேண்டாம் என்று கதவை மூடியது அமைச்சரவை. இனி அந்த அரசோடு பேச்சில்லை என்று கொனோயே பகிரங்கமாக அறிவித்தார். தேசியத் திரட்டல் சட்டம், கட்சிகளைக் கலைத்து உருவான ஒற்றை இயக்கம், ஜெர்மனி-இத்தாலியோடு கூட்டணி எல்லாம் இவர் கையெழுத்துகள்தான். 1945 டிசம்பரில் போர்க்குற்ற விசாரணைக்கு முன் விஷம் குடித்து இறந்தார். தூதர் ஹிரோட்டா டோக்கியோ விசாரணையில் தூக்கிலிடப்பட்ட ஒரே சிவிலியன்.

இதற்கு நேரெதிர் அட்மிரல் யோனாய் மிட்சுமசா. கடற்படை அமைச்சராக இருந்தபோதே ஜெர்மன் கூட்டணியை எதிர்த்தவர். 1940 ஜனவரியில் பிரதமரானார். ஜூலையில் தரைப்படை அமைச்சர் ஹாட்டா ஷுன்ரோகு ராஜினாமா செய்தார், தரைப்படை மாற்று ஆள் தர மறுத்தது, யோனாய் வீட்டுக்குப் போனார். 1912-இன் அதே சூத்திரம். இரண்டே மாதத்தில் கூட்டணி கையெழுத்தானது.

தோஜோ ஹிதேகியைத் தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு தெரியும். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸுடன் நின்று இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டவர் இவர்தான். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அந்தப் படையில் பெருமளவில் சேர்ந்தார்கள். இதே தோஜோ ஆட்சியில்தான் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1941 அக்டோபரில் அவரைப் பிரதமராக்கச் சொன்ன அரண்மனை ஆலோசகர் கிடோ கோய்ச்சியின் கணக்கு, தரைப்படையை அடக்க அதன் சொந்த ஆளால்தான் முடியும் என்பது. கணக்கு எங்கே போய் முடிந்தது என்பது டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் தெரிந்தது.

தோஜோவை வெளிநாட்டில் ஹிட்லரோடு சேர்த்து வரைவார்கள். பொருந்தாது. பிரதமர், தரைப்படை அமைச்சர், இடையிடையே வேறு துறைகள் என்று அவர் பதவிகளைக் குவித்தது பலத்தின் அடையாளம் இல்லை. ஒவ்வொரு கதவுக்கும் தனிச் சாவி தேவைப்பட்டதன் விளைவு. 1944 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமையகத்தின் தலைவர் பதவியையும் எடுத்துக்கொண்டார். அப்படியும் கடற்படை அவர் பிடிக்குள் வரவில்லை. ஜூலையில் சைபான் தீவு விழுந்தபோது அமைச்சரவையை மாற்றியமைத்துத் தப்பிக்கப் பார்த்தார். அமைச்சர் ஒருவர் ராஜினாமா கொடுக்க மறுத்துவிட்டார். நீக்கும் அதிகாரம் தோஜோவுக்கு இல்லை. அமைச்சரவை விழுந்தது. மறுத்த அந்த அமைச்சர் கிஷி நொபுசுகே. 1957-இல் அவரே பிரதமரானார்.

அடுத்த ஜெனரல் கொய்சோ குனியாகி, போர் நடத்துவதில் தனக்கும் குரல் வேண்டும் என்று போராடியே எட்டு மாதத்தைக் கழித்தார். 1945 ஏப்ரலில் 77 வயது அட்மிரல் சுசுகி கண்டாரோ வந்தார். 1936 கிளர்ச்சியில் குண்டடிபட்டுப் பிழைத்தவர். ஆகஸ்டில் சரணடைவதா இல்லையா என்று முடிவெடுக்க அமர்ந்த உச்சப் போர் வழிநடத்தல் குழுவில் ஆறு பேர். வெளியுறவு அமைச்சர் தோகோ ஷிகெனோரி தவிர ஐவரும் ராணுவத்தார். மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். போரை முடிக்கச் சொன்ன பக்கத்தில் தோகோவோடு சுசுகியும் யோனாயும், இரண்டு அட்மிரல்கள். முடிவைப் பேரரசரிடம் விட்டார் சுசுகி. அப்போதும் பழைய ஆயுதம் மேசை மேல் இருந்தது. தரைப்படை அமைச்சர் அனாமி கொரெச்சிகா ராஜினாமா செய்திருந்தால் அமைச்சரவை கவிழ்ந்திருக்கும், சரணடைதல் தள்ளிப்போயிருக்கும். கீழே இருந்த அதிகாரிகள் அவரை நெருக்கினார்கள். அவர் ராஜினாமா செய்யவில்லை. ஆவணத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆகஸ்ட் 15 அதிகாலையில் வயிற்றைக் கிழித்துக்கொண்டார்.

1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பில் எல்லோரும் பேசுவது போரைத் துறக்கும் 9-ஆம் பிரிவைத்தான். பிரதமர் பதவியைப் பொறுத்தவரை 66, 67, 68 ஆகியவையே முக்கியம் என்பேன். பிரதமரும் அமைச்சர்களும் சிவிலியன்களாக இருக்க வேண்டும். பிரதமரை நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அமைச்சர்களைப் பிரதமர் தன் விருப்பப்படி நீக்கலாம். கடைசி வரியைச் சோதித்துப் பார்க்க நாள் ஆகவில்லை. சோஷலிஸ்ட் பிரதமர் கத்தயாமா தெட்சு 1947 நவம்பரிலேயே தன் வேளாண் அமைச்சரை நீக்கினார்.

ஜெனரல்கள் விட்டுப்போன இடத்தை அதிகாரவர்க்கம் நிரப்பியது. தரைப்படை ஒருகாலத்தில் வேண்டாம் என்ற, 1945-இல் ராணுவக் காவலர்கள் பிடித்து அடைத்த யோஷிதா ஷிகேரு, ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்தார். கிஷி தொழில்துறை அதிகாரி, மஞ்சூரியாவின் பொருளாதாரத்தை நடத்தியவர். போர்க்குற்றச் சந்தேகத்தில் மூன்று ஆண்டு சிறையிலிருந்து, விசாரணை இல்லாமல் வெளியே வந்தவர். பின்னால் பிரதமரான இக்கேதா, ஃபுகுடா, ஓஹிரா, மியசாவா எல்லாம் நிதியமைச்சக ஆட்கள். சீருடை அனுபவம் உள்ள பிரதமர்களும் உண்டு, ஆனால் போர்க்காலத்தில் போட்டுக் கழற்றியது: தனகா காகுயே மஞ்சூரியாவில் சாதாரணச் சிப்பாய், நகசோனே யசுஹிரோ கடற்படையின் கணக்குப் பிரிவு அதிகாரி, உனோ சோசுகே சைபீரியாவில் போர்க்கைதி, முராயாமா தொமீச்சி கட்டாயத்தில் சேர்க்கப்பட்டவர். இந்த அனுபவம் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளவில்லை. பாதுகாப்புச் செலவு தேசிய உற்பத்தியில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை நகசோனே தாண்டினார். முராயாமா 1995-இல் ஆசிய நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார். அதே முராயாமாதான், தன் கட்சி பல்லாண்டு எதிர்த்த தற்காப்புப் படை (ஜப்பானின் இன்றைய ராணுவம்) அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று ஏற்றவர்.

1954-இல் உருவான தற்காப்புப் படையின் உச்சத் தளபதி பிரதமர். 1978-இல் கூட்டுப்படைத் தலைவர் குரிசு ஹிரோமி, திடீர்த் தாக்குதல் வந்தால் சட்டம் இல்லாததால் படை சட்டத்தை மீறித்தான் செயல்பட நேரும் என்று பேட்டி கொடுத்தார். பதவி போயிற்று. 1930களில் அமைச்சரவை போயிருக்கும். ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டார்கள். 2003-இல் கொய்சுமி அரசு அவசரகாலச் சட்டங்களை நிறைவேற்றியது. அப்போது பாதுகாப்பு முகமையின் தலைவர் இஷிபா ஷிகேரு, 2024-இல் பிரதமரானவர்.

இஷிபா தன் பாதுகாப்பு அமைச்சராக வைத்துக்கொண்டவர் நகதானி கென், தற்காப்புத் தரைப்படையின் முன்னாள் அதிகாரி. 2001-இல் அவர் முதன்முறை அந்தத் துறைக்கு வந்தபோது, முன்னாள் அதிகாரி ஒருவர் அங்கே அமர்வது அதுவே முதல் தடவை. பிரதமர் பதவிக்கு அப்படி யாரும் இன்னும் வரவில்லை. முன்னாள் பிரதமர் நோதா யோஷிஹிகோவின் அப்பா பாராசூட் படையில் இருந்தார் என்பதுதான் நெருக்கமான தொடர்பு. இப்போதைய போக்கு வாரிசுகள் பக்கம். அபே, கிஷியின் பேரன். இன்னொரு முன்னாள் பிரதமர் அசோ, யோஷிதாவின் பேரன். 2009-இல் வந்த ஹதோயாமா யுகியோ, 1930-இல் உச்சக் கட்டளை அதிகாரம் பேசிய அந்த ஹதோயாமாவின் பேரன். 1993-இல் வந்த ஹொசோகாவா, கொனோயேயின் மகள் வழிப் பேரன். 2025 அக்டோபரில் முதல் பெண் பிரதமரான தகாய்ச்சி சனாயே அரசியல் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. ஆனால் அவர் பாதுகாப்புத் துறையைக் கொடுத்தது கொய்சுமி ஷின்ஜிரோவிடம். அவர் அப்பா ஜுனிச்சிரோ பிரதமராக இருந்தவர், தாத்தா ஜுன்யா 1964-65-இல் இதே துறையைப் பார்த்துக்கொண்டவர்.